இருபத்து மூன்றாம் நம்பர் முட்டி

இந்தப் பக்கத்தில் நான்கு மாதமாக நான் ஒன்றும் எழுதவில்லை. "என்ன சார், பஸ் பஞ்சரா?" என்று ஒருவர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார். அவர் மேல் கோபமில்லை, அவருக்கு எப்படித் தெரியும்? என் மனைவி செல்வி கார்த்திகை மாதம் இறந்துபோனாள். காலையில் இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றிவிட்டு, நெஞ்சு ஒருமாதிரி இருக்கிறது என்றாள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் மதுராந்தகம் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. அவளுக்கு நாற்பத்து நான்கு வயது.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வீடு அச்சரப்பாக்கத்தில் இருக்கிறது. நான் விதை, உரம் விற்கும் கடையில் வேலை பார்க்கிறேன். செல்வி பக்கத்து ஊர்ப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். மாதம் ஒரு ஞாயிறு பேருந்திலும் ரயிலிலுமாகக் கிளம்பி, இருட்டுவதற்குள் வீடு திரும்பும்படி எங்காவது போய் வருவோம். அதைத்தான் இங்கே எழுதிக்கொண்டிருந்தேன். வழியைத் தேர்ந்தெடுப்பதும் வீடியோ எடுப்பதும் அவள், எழுதுவது மட்டும் நான். அதனால் போனில் இருக்கும் வீடியோ எதிலும் அவள் இல்லை. "யோவ், தலைய நிமித்துய்யா" என்கிற குரல் மட்டும் இருக்கிறது. அவள் அசைவதாக ஒரு படம்கூட என்னிடம் கிடையாது. இந்தப் பயணம் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

போன வருடம் திருக்கழுக்குன்றம் மலைப்படி ஏறிய பதிவுக்குக் கீழே ஒரு பெண் பின்னூட்டம் போட்டிருந்தாள். பெயர் ஜெனிபர். ஊரப்பாக்கம் பக்கம் ஒரு சின்னக் கல்லூரியில் பிசியோதெரபி மேல்படிப்பு படிக்கிறாள். (கல்லூரி பெயர் வேண்டாம்.) முட்டிக்குள் தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவில் பிறை மாதிரி ஒரு மெத்தை இருக்கிறது. மெனிஸ்கஸ் என்று பெயர், நம் பக்கம் ஜவ்வு என்போம். காலை ஊன்றினால் அது கொஞ்சம் வெளியே நகரும், படுத்தால் உள்ளே போகும். நோயில்லாத முட்டியில் அது எவ்வளவு நகர்கிறது என்று ஸ்கேன் வைத்து அளப்பதுதான் அவளுடைய ஆய்வு. "ரெண்டு பேரும் இவ்ளோ படி ஏறிட்டு முட்டி வலின்னு ஒரு வரிகூட எழுதல. வர்றீங்களா?" என்று கேட்டிருந்தாள். செல்விக்கு ஒரே பெருமை. முட்டி நன்றாக இருப்பதற்காக யாரும் அதுவரை எங்களை எங்கேயும் கூப்பிட்டதில்லை.

ஆடியில் ஒரு தடவை போய் அளந்துகொண்டோம். ஏழு மாதம் கழித்து, அதே முட்டியை அதே ஆள் அளந்தால் அதே அளவு வருகிறதா என்று பார்க்க இன்னொரு தடவை வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மாசி பிறந்ததும் ஜெனிபரிடமிருந்து செய்தி வந்தது: "அண்ணா, அக்கா, சனிக்கிழமை ரெண்டு பேரும் வாங்க." வருகிறேன் என்று மட்டும் பதில் போட்டேன். மற்றதைத் தட்டச்சு செய்ய விரல் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆடியில் போனபோது எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு முட்டிப் படம் கொடுத்தார்கள். ஏடிஎம் சீட்டு போல வழவழப்பான தாள், ஓரத்தில் நம்பர். என்னுடையது 23, அவளுடையது 24. காரியம் முடிந்த மறுவாரம் அவள் கைப்பையைத் திறந்தபோது 24 உள்ளே இருந்தது. லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோனேன். "இதுக்கு சூடு ஆவாது அண்ணாத்த, கருத்துப் பூடும்" என்று கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டார். ரேஷன் கார்டுக்குப் போடும் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அது இல்லாமல் நான் வெளியே போனதில்லை. காலையில் விளக்கேற்றும்போது சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கும்பிட்டு முடித்ததும் பையில் போட்டுக்கொள்வேன். என்னுடைய 23 எங்கே போனது என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

சரி, பயணத்துக்கு வருவோம். சனிக்கிழமை காலை 6.05-க்கு ஸ்கூட்டரில் கிளம்பினேன். நிறுத்தத்துக்குப் பக்கத்து ஸ்டாண்டில் வண்டியை விட்டேன், நாள் முழுக்கப் பத்து ரூபாய். 6.20-க்குச் செங்கல்பட்டு பேருந்து, கட்டணம் நாற்பது ரூபாய், சுமார் நாற்பது கிலோமீட்டர். ஜன்னலோரம் காலியாக இருந்தும் அடுத்த இருக்கையில்தான் உட்கார்ந்தேன். பழக்கம். மதுராந்தகம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். இப்போதெல்லாம் அந்த ஊர் போகும்வரை மூடித்தான் வைத்திருக்கிறேன்.

செங்கல்பட்டில் 7.25-க்கு இறங்கி, ரயில் நிலையத்துக்கு நடந்து, 7.50 மின்ரயிலைப் பிடித்தேன். ஊரப்பாக்கத்துக்குப் பத்து ரூபாய்ச் சீட்டு. சனிக்கிழமையிலும் கூட்டம் இருந்தது. பொத்தேரியில் மாணவர்கள் ஏறி இறங்கும் சத்தத்தில் ஐந்து நிமிடம் பெட்டியே அதிர்ந்தது. ஆடியில் இதே ரயிலில்தான் ஒரு பையன் எழுந்து செல்விக்கு இடம் கொடுத்தான். "தம்பி, நா நல்ல முட்டின்னு பரிசோதனைக்குப் போறேன், நீ குந்து" என்று அவனை உட்கார வைத்துவிட்டு நின்றுகொண்டே வந்தாள். 8.25-க்கு ஊரப்பாக்கம். நிலையத்திலிருந்து கல்லூரிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும். ஷேர் ஆட்டோ உண்டு, நான் நடந்தேன்.

அங்கே நடக்கும் முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், பின்னால் தேவைப்படும். வெளியே ஒரு மேஜை. அங்கிருக்கும் பெண்ணிடம் ஒரு பதிவேடு இருக்கும். அதில் மட்டும்தான் யார் எந்த நம்பர் என்ற பெயர் விவரம் உண்டு. அவர் நம் கையில் அந்த நம்பர் போட்ட டோக்கனைக் கொடுப்பார். உள்ளே ஸ்கேன் பார்க்கும் ஜெனிபருக்குப் பெயர் தெரியக் கூடாது, வயது தெரியக் கூடாது, போன தடவை என்ன அளவு வந்தது என்பதும் தெரியக் கூடாது. அவளுக்கு டோக்கன் நம்பர் மட்டும்தான். (எங்கள் இருவரையும் அவளுக்குத் தெரியும்தான், ஆனால் ஏழு மாதம் கழித்து யாருக்கு எந்த நம்பர் என்று நினைவிருக்காது.) அளந்து முடித்த பிறகுதான் பழைய படத்தைத் திறந்து ஒப்பிடலாம். முன்னாலேயே தெரிந்தால் கை தன்னையறியாமல் அந்த அளவுக்கே போகுமாம்.

மேஜைப் பெண் பதிவேட்டைப் புரட்டினார். "23 ராஜேந்திரன். 24 செல்வி. 24 எங்க சார்?"

"வரல" என்றேன். அவர் 24-க்கு நேராகப் பென்சிலால் ஒரு சுழி போட்டுவிட்டு, 23-ஆம் டோக்கனை நீட்டினார்.

உள்ளே ஜெனிபர் எழுந்து நின்றாள். ஊரப்பாக்கத்துப் பெண்தான், வெடுக்கென்று பேசுவாள். "வாங்கண்ணா! எளச்சிட்டீங்களே. அக்கா வர்லியா?"

"வரல."

"இன்னாண்ணா இது, ஜோடியா வருவீங்கன்னு பாத்துகினு இருந்தேன். வர்ற வெள்ளிக்குள்ள அனுப்பி வைங்க. ரெண்டு தபாவும் வந்தவங்கள மட்டுந்தான் கணக்குல சேப்போம். வர்லன்னா அவங்க நம்பர எடுத்துட வேண்டியதுதான்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, கணினியில் வீடியோவாகப் பதிந்திருக்கும் அக்காவின் பழைய ஸ்கேன் படத்தைக் கொஞ்சம் ஓட்டிக் காட்ட முடியுமா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். "ஒருத்தர் படத்த இன்னொருத்தருக்குக் காட்டக் கூடாதுண்ணா, ரூல்ஸு. அக்கா வரட்டும், அவங்க எதிர்லயே காட்றேன்." நான் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டேன். வந்த காரியம் அவ்வளவுதான், முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

வேட்டியோ அரைக்கால் சட்டையோ போட்டுப் போவது நல்லது. முட்டியின் உள்பக்கம் குளிர்ந்த களிம்பைத் தடவி, ஷேவிங் மெஷின் அளவுள்ள கருவியை வைப்பாள். முதலில் படுத்த நிலையில், காலை நீட்டி. பிறகு முட்டியை மடக்கி. பிறகு எழுந்து நின்று, அந்த ஒரு காலில் பாரம் கொடுத்து. திரையில் மேலே ஒரு வெள்ளைக் கோடு, அது தொடை எலும்பு. கீழே ஒரு வெள்ளைக் கோடு, கீழ்க்கால் எலும்பு. நடுவில் சாம்பல் நிறத்தில் முக்கோணமாக ஒன்று, அதுதான் ஜவ்வு. காலை ஊன்றும்போது அது எலும்பின் விளிம்பைத் தாண்டி மெல்ல வெளியே எட்டிப் பார்க்கும். எவ்வளவு தாண்டியது என்று புள்ளிக்கோடு போட்டு மில்லிமீட்டரில் அளப்பாள். வலி கிடையாது. ஊசி கிடையாது.

ஊசி என்றதும் ஆடி மாதம் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு எங்கள் இருவரில் எனக்குத்தான் முதல் டோக்கன், 23. ஸ்கேனுக்கு முன்னால் முட்டிக்குள் ஊசி போட்டு மருந்து ஏற்றுவார்கள் என்று யாரோ கடையில் சொல்லியிருந்தார்கள். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. செல்வி அதைப் பார்த்தாள். "இன்னாய்யா, ஆடு மாதிரி முழிக்கற? குடு இங்க. நா போயி பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று என் கையிலிருந்த டோக்கனைப் பிடுங்கிக்கொண்டு தன்னுடையதை என் மடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். ஆஸ்பத்திரி வரிசையில் நாமெல்லாம் செய்வதுதானே. அவசரக்காரருக்கு முன் டோக்கனைக் கொடுப்போம், பயந்தவருக்குப் பின் டோக்கனைக் கொடுப்போம். அதை யாரிடம் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்? இருபது நிமிடத்தில் வெளியே வந்தாள். "ஊசியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. சில்லுனு கீது, அவ்ளோதான். போ." அதற்கப்புறம்தான் நான் போனேன். திரும்பும்போது மேஜைப் பெண் பதிவேட்டைப் பார்த்து 23-ஆம் படத்தை என்னிடமும் 24-ஆம் படத்தை அவளிடமும் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

கட்டிலில் படுத்திருந்தபோது இதில் எனக்கு நினைவு வந்தது அவள் டோக்கனைப் பிடுங்கிய விதம் மட்டும்தான். அதனால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போதும் உறைக்கவில்லை.

ஜெனிபர் அளந்து முடித்தாள். பிறகு கணினியில் 23-இன் பழைய படத்தைத் திறந்தாள். அவள் முகம் மாறியது. மறுபடி களிம்பு தடவி அளந்தாள். மூன்றாம் முறையும் அளந்தாள்.

"இன்னாம்மா?"

"ஒத்து வர்லண்ணா. போன தபா நின்னப்போ ரெண்டு மில்லிமீட்டர்கூட இல்ல. இப்போ மூணுக்கு மேல காட்டுது. இதுவரைக்கும் இருபது பேருக்குத் திரும்ப எடுத்துட்டேன், எல்லாருக்கும் அச்சு அசலா அதே அளவு வந்துச்சி. நடுவுல எங்கனா உழுந்தீங்களா?"

"இல்லையே."

"அப்போ என் கைதான் தப்பு" என்றாள். "கைடு இதப் பாத்தாருன்னா உன் கைய நம்ப முடியாதும்மா, எல்லாரையும் திரும்ப அளன்னுடுவாரு. பேஜாரா பூடும்." சொல்லிக்கொண்டே திரையை என் பக்கம் திருப்பினாள். "உங்க படந்தான, நீங்களே பாருங்க" என்று பழைய படத்தை ஓட்டினாள்.

ஒன்பது வினாடிதான் ஓடும். இரண்டு வெள்ளைக் கோடு. நடுவில் சாம்பல் முக்கோணம், மெல்ல வெளியே வந்து மெல்ல உள்ளே போனது. ஆனால் படம் நிலையாக இல்லை. விட்டு விட்டுக் குலுங்கியது.

"பாருங்க, எப்டி ஆடுது. அன்னிக்கி சிரிச்சிகினே இருந்தீங்களாண்ணா?"

நான் அன்றைக்குச் சிரிக்கவில்லை. ஊசி இல்லை என்று தெரிந்தும் மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைத்துப்போய்க் கிடந்தவன் நான். முட்டியில் யார் கை வைத்தாலும் கூச்சம் தாங்காமல் சிரிப்பது செல்வி. கல்யாணத்தில் நலங்கு வைக்க வந்த பெண்கள் காலில் மஞ்சள் பூச விடாமல் சிரித்த சிரிப்பு அது. திரையில் குலுங்கிக்கொண்டிருந்தது அவள்தான்.

"இன்னொரு தடவை போடும்மா" என்றேன். போட்டாள். "இன்னொரு தடவை." மூன்றாம் முறையும் போட்டாள். ஜெனிபர் தப்பைத் தேடிக்கொண்டு பார்த்தாள். நான் என் பெண்டாட்டியைப் பார்த்தேன். என் கண்ணில் தண்ணீர் வந்ததை அவள் பார்த்தாளோ என்னவோ, "களிம்பு கண்ணுல பட்டுச்சாண்ணா?" என்று ஒரு துணியை எடுத்துக் கொடுத்தாள். துடைத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். அப்போது மணி 10.50.

ஆடியில் அளந்து முடித்ததும் நேராக மாமல்லபுரம் போனோம். அதே வழியில்தான் இந்த முறையும் போவதாக இருந்தேன். போகாமல் வீட்டுக்கே திரும்பியிருக்கலாம், ஆனால் வீட்டில் என்ன இருக்கிறது? ஊரப்பாக்கத்தில் 11.10 ரயில், செங்கல்பட்டில் 11.45. 12.05-க்குத் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பேருந்து கிடைத்தது, சுமார் முப்பது கிலோமீட்டர், இருபத்தெட்டு ரூபாய். வலப்பக்கம் உட்கார்ந்தால் வெயில் அடிக்கும், இடப்பக்கம் உட்காருங்கள். திருக்கழுக்குன்றத்தில் மலையைப் பார்த்தேன். அந்தப் படிகள் முழுக்க அவளைச் சுமந்த முட்டியில் ஒரு குறையும் இல்லை என்று படம் சொல்கிறது. நெஞ்சை யாரும் அளந்து பார்க்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இதை நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

1.10-க்கு மாமல்லபுரம். கடற்கரைக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். ஓட்டுநர் கிளப்பவில்லை. "ஒர்த்தர்தானா அண்ணாத்த? இன்னொர்த்தர் வந்தா கெளம்பிடலாம்" என்றார். இன்னொருவர் வரமாட்டார், அந்தக் காசையும் நானே தருகிறேன் என்றேன். நாற்பது ரூபாய். என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். இறங்கும்போது மட்டும், "வெயிலு ஜாஸ்தியா கீது, தண்ணி அண்ட போவாதீங்க" என்றார்.

கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே படகுகளை இழுத்து வைத்திருக்கும் இடத்தில், ஒரு படகின் நிழலில் உட்கார்ந்தேன். வறுத்த மீனும் சோறும் நூற்றிருபது ரூபாய்க்கு வாங்கினேன். பாதி நாய்க்குப் போயிற்று. பிறகு சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தேன்.

அப்போதுதான் முழுதாக உறைத்தது. அவள் 23-ஐ எடுத்துக்கொண்டு போனாள் என்றால், 24 என்று போட்டிருக்கும் இந்தப் படம் என்னுடைய முட்டி. மூன்று மாதமாக விளக்கேற்றி, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்து, என் முட்டியையே நான் கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். எனக்கும் சிரிப்புதான் முதலில் வந்தது. கொஞ்ச நேரத்தில் அது அழுகையாகிவிட்டது. கார்த்திகையிலிருந்து நான் சத்தம் போட்டு அழுதது அன்றைக்குத்தான். வலை பின்னிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி வலையைப் பார்த்தார். அந்தப் பெரிய மனசுக்கு அவருக்கு என் நன்றி.

அழுது முடித்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் 24 போகும். அது என் முட்டி, போகட்டும். 23 கணக்கில் இருக்கும். நல்ல முட்டி எப்படி நகரும் என்று ஜெனிபர் எழுதப்போகும் ஆய்வில் செல்வியின் முட்டி இருக்கும். என் பெயரில் இருந்தால்தான் என்ன? சொல்லிவிட்டேன் என்றால் 23 அவளுடையது என்று ஆகும். அவள் இரண்டாம் தடவை வரப்போவதில்லை. அவளை எடுத்துவிடுவார்கள். ரேஷன் கார்டிலிருந்து பெயரை நீக்கியாயிற்று, வாக்காளர் பட்டியலில் நீக்கியாயிற்று. எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டவன் நான்தான். இது ஒன்றாவது மிஞ்சட்டுமே என்று ஆசையாக இருந்தது. ஆசை என்பதைவிட வெறி என்றே சொல்லலாம்.

ஆனால் அந்தப் பெண் தன் கைதான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். எல்லோரையும் மறுபடி வரச் சொல்லப் போகிறாள். அதுவாவது பரவாயில்லை என்று ஒரு பக்கம் மனசு சொன்னது. இன்னொரு பக்கம் செல்வியின் சத்துணவுப் பதிவேடு. எத்தனை பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிட்டார்களோ அத்தனைதான் எழுதுவாள். ஒருநாள் முப்பத்தெட்டு என்று எழுதிவிட்டு, ஒரு பிள்ளை சாப்பிடாமலே வீட்டுக்குப் போய்விட்டது என்று தெரிந்ததும், கதவைப் பூட்டிய பிறகு திரும்பத் திறந்து முப்பத்தேழு என்று திருத்திவிட்டு வந்தவள். நான் வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்தேன். இல்லாத பிள்ளையை இருப்பதாக எழுதாதவளை, அவள் இல்லாத கணக்கில் நான் உட்கார வைக்கப் பார்க்கிறேன்.

3.05-க்கு ஜெனிபரைக் கூப்பிட்டேன்.

"உன் கை சரியாத்தாம்மா இருக்கு" என்றேன். "ஆடி மாசம் எங்க டோக்கன் மாறிப்போச்சு. மொதல்ல 23-ன்னு உள்ள வந்தது அக்கா. 24-ன்னு வந்தது நான். இன்னிக்கி நீ எடுத்தத 24-ஓட வெச்சுப் பாரு."

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெருமூச்சு. "அச்சா வருதுண்ணா! அப்டியே வருது. அய்யோ, உயிரே வந்துச்சி. அதான பாத்தேன், அந்த ஆட்டம் போட்டது அக்காதானா! கால ஆட்டாதீங்கக்கான்னு நாலு தபா சொன்னேன், கேக்கவே இல்ல. சரிண்ணா, அப்போ 23-க்கு அக்காவ வெள்ளிக்குள்ள..."

"அக்கா இல்லம்மா. கார்த்திகைல தவறிட்டா."

அந்தப் பக்கம் அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. "காலைலயே சொல்லியிருக்கலாமேண்ணா. நான் வேற அக்கா வரட்டும், அக்கா வரட்டும்னு சொல்லிகினே இருந்தேனே."

"சொல்ல வரலம்மா."

இனி என்ன ஆகும் என்று கேட்டேன். படம் அழியாது, பூட்டி வைத்திருப்பார்கள், ஆனால் கணக்கில் சேராது என்றாள். ரூல்ஸை மாற்ற அவளால் முடியாது. தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "காரணம்னு ஒரு கட்டம் கீதுண்ணா. ஊரு மாறிட்டாங்க, இஷ்டமில்ல, அடிபட்டுடுச்சி, மத்தது. அதுல இன்னான்னு எழுதட்டும்?"

"மத்ததுல எழுது. வரலன்னு மட்டும் எழுதாதம்மா. மொதல்ல வந்தது அவதான். அதையும் எழுது."

"எழுதறேண்ணா" என்றாள்.

3.40-க்கு மாமல்லபுரத்திலிருந்து பேருந்து, 4.50 செங்கல்பட்டு. அங்கிருந்து 6.10-க்கு அச்சரப்பாக்கம், வெளிச்சம் இன்னும் இருந்தது. ஸ்டாண்டுக்குள் நுழையும்போதே ஒரு விஷயம் நினைவுக்கு வந்து நடை வேகமானது. ஆடியில் அவள் 24-ஐக் கைப்பையில் பத்திரமாக வைத்தாள். நான் என் 23-ஐ அன்று மாலை ஸ்கூட்டர் சீட்டுக்குக் கீழே, இன்சூரன்ஸ் தாளோடு போட்டேன். வெளியே எடுத்த நினைவே இல்லை.

சீட்டைத் தூக்கினேன். துடைக்கும் துணிக்கும் இன்சூரன்ஸ் தாளுக்கும் அடியில் இருந்தது. ஏழு மாத வெயிலும் எஞ்சின் சூடும் பட்டு, தாள் முழுக்கக் கருத்துப்போயிருந்தது. நம்பர்கூடத் தெரியவில்லை. சூடு ஆகாது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு ஒரு படத்தை உறை போட்டுக் காப்பாற்றியவன், அவளுடையதை என் இருக்கைக்கு அடியிலேயே வேகவைத்திருக்கிறேன். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கோடு எங்கே இருந்திருக்கும், முக்கோணம் எங்கே இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், காலையில்தான் மூன்று முறை பார்த்தேன். இப்போது உறைக்குள் அந்தக் கறுப்புத் தாள்தான் இருக்கிறது. 24-ஐ மேஜை டிராயரில் போட்டுவிட்டேன்.

இது மாதிரி ஆய்வுகளுக்குப் போக நினைப்பவர்கள் போங்கள். அன்றைய மொத்தச் செலவு சாப்பாட்டோடு முந்நூற்றைம்பதுக்குள் வந்தது. நல்ல முட்டி எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் கெட்ட முட்டியைக் கண்டுபிடிக்க முடியும் என்கிறாள் ஜெனிபர், சரியாகத்தான் படுகிறது. முட்டிக்கு மேல் சுருட்ட முடிகிற உடை போடுங்கள். களிம்பு துடைக்க ஒரு துண்டு கொண்டுபோங்கள். ஊசி கிடையாது, தைரியமாகப் போங்கள். படம் கொடுத்தால் வெயில் படாத இடத்தில் வையுங்கள், அன்றைக்கே போனில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். வீடியோ எடுப்பவர் கையிலிருந்து போனை அவ்வப்போது வாங்கி, அவரையும் எடுங்கள்.

கடைசியாக, கூட வந்தவரோடு டோக்கனை மாற்றிக்கொள்ளாதீர்கள். மாற்றிக்கொண்டால் வெளியே வந்ததும் மேஜையில் சொல்லிவிடுங்கள். இரண்டு பேரும் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.